தொண்டை கட்டிய நாளுக்கும் ஒரு பாட்டு: பாப் இசைக் கல்லூரித் தேர்வுக்குத் தயாரான ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

மாணவிக்கு வயது பதினேழு. வீடு மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில். அப்பா உயர் நீதிமன்றக் கிளையை நம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்றவள். பள்ளி ஆண்டு விழா என்றால் கடைசிப் பாட்டு அவளுடையதுதான். பொங்கல் கழிந்த வாரம் அம்மாவோடு மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, நரிமேட்டில் இருக்கும் என் வகுப்புக்கு வந்தாள். சென்னையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் பாப் இசைப் பட்டப்படிப்பு, குரல் பிரிவு. மார்ச் கடைசிக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். அதில் தேறினால் மே மாதம் நேரில் பாட வேண்டும். நடுவில் பிளஸ் டூ பொதுத்தேர்வு.

நான் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துத் தொடங்கி, இருபது ஆண்டுகளாக மெல்லிசை சொல்லிக்கொடுப்பவன். கல்லூரித் தேர்வுக்கு ஆள் தயார்செய்வது எனக்குப் புதிதல்ல. அப்படியிருந்தும் முதல் ஆறு வாரங்கள் வீணாயின. வீணாக்கியது அவள் அல்ல, நான்தான். இதை எழுதுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

என்ன கேட்டார்கள்

பாப் இசைக்கென்றே பட்டப்படிப்பு என்பது உலகத்திலேயே பழைய விஷயம் அல்ல. அமெரிக்காவில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தார்ன்டன் இசைப் பள்ளி அப்படியொரு படிப்பைத் தொடங்கியது 2009-இல்தான். பாஸ்டனின் பெர்க்லி கல்லூரி 1945 முதல் இருக்கிறது, ஏ.ஆர்.ரஹ்மானுக்கு 2014-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த இடம். அங்கே நுழைவுத் தேர்வு என்றால் தயாரித்துக்கொண்டு போகும் பாடல், அந்த இடத்திலேயே கற்பனையாகப் பாடிக் காட்டுவது, கேட்டதைத் திருப்பிப் பாடுவது, இசைக்குறிப்பைப் பார்த்துப் பாடுவது, கடைசியில் பேட்டி. நம் ஊர்க் கல்லூரிகளும் ஏறத்தாழ இதே அச்சில்தான் வார்க்கின்றன. இவள் விண்ணப்பித்த இடம் கேட்டது: ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாடல்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள், ஒன்றாவது ஆங்கிலத்தில். வீடியோவில் வெட்டு ஒட்டு கூடாது, சுருதி திருத்தும் மென்பொருள் கூடாது. நேர்முகத்தில் அதே இரண்டு பாடல்களோடு பன்னிரண்டு பார் (தாள வட்டம்) சுற்றிச் சுற்றி வரும் புளூஸ் பின்னணி மீது கற்பனையாகப் பாட வேண்டும்.

'மாறுபட்ட' என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒன்று மெதுவானது, ஒன்று வேகமானது என்று முடித்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் குரல் ஒரே மாதிரி ஒலித்தால் வேகம் மாறி என்ன பயன்? கேட்பவருக்கு அது இரண்டு முறை பாடிய ஒரே பாட்டு.

முதல் தேர்வு

அவள் ஏற்கெனவே ஒரு ஆங்கிலப் பாட்டை முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். பெரிய குரல் பாடகிகளுக்கென்று செய்த வகை: தாழ்ந்த குரலில் தொடங்கி, படிப்படியாக ஏறி, பல்லவியில் உச்சியில் நின்று மூன்று முறை முழங்கும். என் அறையில் கரோக்கி டிராக்கைப் போட்டுப் பாடிக் காட்டினாள். உச்சி வந்தபோது அம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் புல்லரித்தது. "இதுதான் பாட்டு" என்று சொல்லிவிட்டேன்.

மதுரைக்காரனின் பலவீனம் இது என்று இப்போது தோன்றுகிறது. 1916-இல் எம்.எஸ்.சுப்புலட்சுமியும் 1922-இல் டி.எம்.சௌந்தரராஜனும் பிறந்த ஊர். முழுக் குரலெடுத்து மேலே போனால் கை தட்டும் ஊர். திருவிழா மேடையில் வளர்ந்த காதுக்கு, உச்சி ஸ்வரம் விழுந்துவிட்டால் பாட்டு ஜெயித்த மாதிரிதான்.

அன்று மாலை ஐந்து மணி. தொண்டை நன்றாகச் சூடேறியிருந்தது. பள்ளி விட்டு வந்த உற்சாகம். அந்த ஒரு தடவையை வைத்து நான் முடிவெடுத்தேன். அதிகாலையில் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. காய்ச்சலுக்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. குரலின் எல்லையைக் கீபோர்டில் வைத்து அளக்கக்கூட இல்லை.

பிப்ரவரி நடுவில் அவளே சொன்னாள்: "சார், வீட்டில் பாடினால் வருவதில்லை. இங்கே வந்தால்தான் வருகிறது." நான் அதைப் பயிற்சிக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் அதிகமாகப் பாடச் சொன்னேன். தவறின் மேல் தவறு.

அளந்தபோது தெரிந்தது

கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். பாட்டின் மிகக் கடினமான ஒரு வரியை மட்டும், காலை ஆறரைக்கு ஐந்து முறை, மாலை ஆறரைக்கு ஐந்து முறை பாட வேண்டும். எத்தனை முறை சுத்தமாக வந்தது என்று எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். மாலைகளில் நான்கு, ஐந்து, நான்கு. காலைகளில் ஒன்று, ஒன்று, பூஜ்யம், இரண்டு.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கர்நாடகம் கற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் குழி காத்திருக்கிறது. அவளுடைய சுருதி ஐந்து கட்டை, அதாவது அவள் ஸட்ஜம் கீபோர்டில் ஜி. மேல் பஞ்சமத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் 'ப'வைச் சிரமமில்லாமல் தொடுவாள். ஆங்கிலப் பாட்டின் உச்சியும் அதே ஸ்வரம்தான். எட்டு ஆண்டுகளாகத் தொட்ட இடம்தானே என்று அவளும் நானும் நினைத்தோம். ஆனால் கீர்த்தனையில் மேல் பஞ்சமம் என்பது போய்வரும் இடம். சஞ்சாரத்தில் ஏறி, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் ஒரு கமகத்தில் மினுக்கிவிட்டு இறங்கிவிடுவாள். குரலும் அங்கே தானாகவே மெலிந்துகொள்ளும். இந்தப் பாட்டோ மேல் மத்திமத்தில் குடியிருந்து, பஞ்சமத்துக்கு ஏறி ஏறி இறங்கச் சொல்கிறது, அதுவும் நெஞ்சிலிருந்து எடுக்கும் முழுக் குரலில், அசையாத நேர்கோட்டு ஸ்வரமாக. அழகர்மலைக்கு ஒரு நாள் ஏறி வருவதும் அங்கேயே வீடு எடுத்துத் தங்குவதும் ஒன்றா?

சரி, ஸ்கேலை இறக்கலாமே என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. மூன்று அரைச்சுரம், அதாவது கீபோர்டில் கறுப்பு வெள்ளை சேர்த்து மூன்று கட்டை தள்ளி, இறக்கினோம். உச்சி மேல் காந்தாரத்துக்கு வந்தது, தாராளமாகப் பாடினாள். ஆனால் பாட்டின் தொடக்க வரிகள் அவளுடைய ஆதார ஸட்ஜத்தில் இருந்தவை, மூன்று அரைச்சுரம் இறங்கி மந்த்ர தைவதத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயியின் 'த'வுக்குப் போய்விட்டன. அங்கே ஸ்வரம் பாதி, காற்று பாதி. கேட்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது அந்த வரிகளைத்தான். மேலே இறக்கினால் கீழே இடித்தது. கீழே சரிசெய்தால் மேலே முட்டியது. பாட்டின் அகலம் அவள் குரலின் வசதியான அகலத்தைவிடப் பெரியது. இரண்டு அரைச்சுரத்தில் சமரசம் செய்து பார்த்தோம். இரண்டு முனையிலும் குறை மிஞ்சியது.

பாட்டைக் கைவிடலாம் என்று நான் சொன்ன அன்று அவள் அழுதாள். அம்மா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பணம் மட்டும் ஒழுங்காக வந்தது.

மாற்றாக வந்த இரண்டு

இந்த முறை குரலை முதலில் அளந்தோம், பாட்டைப் பிறகு தேடினோம். காலை ஆறரைக்கு ஐந்துக்கு ஐந்தும் வருகிற ஸ்வரங்கள் எவை எவை என்று கீபோர்டில் குறித்தேன். அந்த வட்டத்துக்குள் பெரும்பகுதி அடங்கும் பாட்டு மட்டுமே பட்டியலில் நிற்கும்; ஒரே ஒரு வரி வெளியே எட்டிப் பார்க்கலாம். பதினான்கு பாட்டில் மூன்று மிஞ்சின. அவள் விரும்பிய இரண்டை எடுத்தோம். விருப்பம் இல்லாத பாட்டை நாள்தோறும் பாட யாராலும் முடியாது.

ஒன்று எண்பதுகளின் திரை மெல்லிசை, ஆண் குரலுக்குச் செய்தது. ஆண் ஸ்கேலிலேயே பெண் பாடினால் பாதிப் பாட்டு தொண்டைக்குள் புதையும், அல்லது ஓர் எண்மம் (ஒரு முழு ஸ்தாயி) மேலேறிக் கத்த வேண்டியிருக்கும். கீபோர்டில் ஸ்கேலை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருப்பது இதற்குத்தான். மூன்று நாள், மூன்று ஸ்கேல்: மூன்று கட்டை, நான்கு, நான்கரை. நான்கு கட்டையில் அவள் பாடியபோது பேசுகிற குரல் எங்கே முடிந்து பாடுகிற குரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டோம். கரோக்கி டிராக்கைத் தூக்கி எறிந்தோம். அதில் முன்னிசையே 38 விநாடி ஓடுகிறது. மூன்று நிமிடத்தில் 38 விநாடி அவள் சும்மா நிற்பதைப் பார்க்கவா அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒற்றைக் கிதார், இரண்டு பார் முன்னிசை, பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவியின் முதல் வரி. இரண்டு நிமிடம் இருபது விநாடி.

இங்கே கமகம்தான் வில்லன். எந்த ஸ்வரத்துக்குப் போனாலும் கீழிருந்து வளைந்துதான் போவாள். முழுவதும் துடைத்தால் அவளுடைய குணமே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே ஒரு சரணத்தில் இரண்டே இடத்தில் வளைவு, மற்றதெல்லாம் நேர் என்று பென்சிலில் குறித்தோம். அந்த இரண்டு இடமும் பிறகு நகைபோல் நின்றன.

இன்னொன்று ஆங்கிலப் பாட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு வேகம், இரண்டாவது நான்காவது தட்டில் ஸ்நேர் டிரம் ஓங்கி விழும் வகை. இதில்தான் எதிர்பாராத வேலை. ஆதி தாளத்தில் ஊறிய கை முதல் தட்டில்தான் ஓங்கி விழும். டிராக் ஓடும்போது அவள் வலது கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. அழுத்தம் எல்லாம் ஒன்றிலும் மூன்றிலும். பாட்டு கல்யாண ஊர்வலம் மாதிரி நடந்தது. விளக்கிச் சொல்லிப் பயனில்லை. துருதம் என்னும் தாள அங்கத்தின் தட்டு, வீச்சு (கையைத் தட்டுவது, திருப்பி வீசுவது) மட்டும் போடச் சொன்னேன். தட்டு விழ வேண்டிய இடத்தில் கை ஊமையாகத் தொடையைத் தொட வேண்டும். வீச்சு வரும் இடத்தில் விரலைச் சொடுக்க வேண்டும். முதல் நாள் நான்கு பார் தாண்டவில்லை, சிரித்துவிட்டாள். பன்னிரண்டாம் நாள் சொடுக்கு தானாக வந்தது. பாட்டும் சாய்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நம் வாய் ஓர் உகரத்தை ஒட்டிவிடும். பேச்சில் யாருக்கும் தெரியாது; பாட்டில் அந்தக் கால் மாத்திரை உகரம் ஒலிபெருக்கி வைத்த மாதிரி கேட்கும். சொல்லின் கடைசி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டிப் பாடச் சொன்னதும் பாதி சரியாயிற்று. நன்னூல் படித்த பிள்ளைக்கு 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்றால் போதும். மீதிப் பாதி கடைசிவரை என்னைப் படுத்தியது.

வீடியோ

பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் பதிவு. வீட்டில் முயன்றபோது குக்கர் விசில் ஒரு டேக்கையும் தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி மூன்று டேக்கையும் தின்றன. தேவாலயக் கூடத்தில் எதிரொலி. கடைசியில் அவளுடைய அத்தை வீட்டில், பீரோவும் மெத்தைகளும் அடைத்த உள்ளறைதான் உகந்ததாக இருந்தது.

போனில் பதிவு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: சத்தம் கூடினால் போன் தானாகவே ஒலி அளவை அமுக்கிவிடும். ஓங்கிப் பாடிய இடம் பதிவில் சப்பென்று இருக்கும். போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து, ஓங்கும் வரிகளில் முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். அவளுடைய தம்பி ஒரு யோசனை சொன்னான்: கம்பியில்லா இயர்போனில் டிராக்கைக் கேட்டுக்கொண்டு பாடட்டும், பிறகு இரண்டையும் சேர்த்துவிடலாம். செய்து பார்த்தான். இயர்போனில் ஒலி வந்து சேரும் தாமதத்தால் குரல் டிராக்குக்குப் பின்னால் நொண்டியது. 96 வேகத்தில் ஒரு தட்டுக்கு 625 மில்லிவிநாடி; அதில் ஒரு சிறு பங்கு பிசகினாலே காது கண்டுபிடித்துவிடும். அதோடு, அப்படிச் சேர்ப்பதே விதிக்குப் புறம்பு. கிதார்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, ஒரே டேக்கில் எடுத்தோம். ஏழாவது டேக்கைத்தான் அனுப்பினோம்.

ஒத்திகையில் ஒரு கூத்து. கிதார்காரர் வாசிக்க வேண்டிய சுரக்கூட்டுகளை (கார்ட்) எழுதிய லீட் ஷீட்டை அப்பா கடையில் நகலெடுத்து, மகளுக்காகப் பெருமையோடு லேமினேட் செய்து கொண்டுவந்தார். டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்ததில் கிதார்காரருக்குப் பாதி வரி தெரியவில்லை. மேடை விளக்கில் இன்னும் மோசமாக இருக்கும். பென்சிலில் திருத்தவும் முடியாது. அவர் மனம் நோகாமல் சாதாரணத் தாளில் நான்கு நகல் வாங்குவதற்கு, பாட்டுத் தேர்வுக்கு ஆனதைவிட அதிக சாமர்த்தியம் தேவைப்பட்டது.

சித்திரை

வீடியோ தேறியது. உடனே அவள் பழைய பாட்டைக் கையில் எடுத்தாள். விதிப்படி நேர்முகத்தில் இரண்டு பாடல்களோடு நேரம் இருந்தால் மூன்றாவது ஒன்றையும் பாடிக்காட்டலாம். "இப்போது வருகிறது சார், கேளுங்கள்" என்று போனில் பாடினாள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. நானும் ஊசலாடினேன்.

அதற்குள் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வந்துவிட்டார். தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அந்த நாட்களில் நரிமேட்டுக்கு வருவதும் போவதும் ஆகாத காரியம், வகுப்பு ஐந்து நாள் கிடையாது. மாமா வீட்டாரோடு இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் அழகர் வைகையில் இறங்குவதைக் கூட்டத்தோடு கூவி வரவேற்று, கிடைத்த பந்தலில் எல்லாம் ஐஸ் போட்ட நீர்மோர் குடித்து வந்திருக்கிறாள். ஆறாம் நாள் வகுப்பில் "வணக்கம் சார்" என்றபோது சொல்லின் முதல் பாதி மட்டுமே கேட்டது. நேர்முகத்துக்குப் பதினொரு நாள்.

மூன்று நாள் பேச்சையே நிறுத்தினோம். கிசுகிசுப்பதும் கூடாது, கிசுகிசுத்தால் தொண்டைக்கு ஓய்வு என்பது தவறான எண்ணம், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். தண்ணீர், ஆவி, பாட்டி கொடுத்த அதிமதுரம். நான்காம் நாள் மெதுவாக முனகல். ஏழாம் நாள் பாடச் சொன்னேன். பெரிய பாட்டு பல்லவி வந்ததும் இரண்டாக உடைந்தது. திரைப்பாட்டும் மற்ற ஆங்கிலப் பாட்டும் சற்றுக் கரகரத்து, ஆனால் ஓர் ஸ்வரம்கூடச் சிதறாமல் கடைசிவரை போயின. அவளே நோட்டை எடுத்து மூன்றாவது பாட்டை அடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நேர்முகம்

மூன்று பேர் கேட்டார்கள். திரைப்பாட்டை முழுதாகக் கேட்டார்கள். ஆங்கிலப் பாட்டை நாற்பது விநாடியில் நிறுத்தினார்கள். இப்படி நிறுத்துவார்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்ததால் பதறவில்லை. திரைப்பாட்டை அரைக் கட்டை ஏற்றிப் பாட முடியுமா என்று கேட்டார்கள். வட்டத்துக்குள் இடம் மிச்சம் வைத்திருந்ததால் முடிந்தது. புளூஸில் சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு, நடுவே பிரதி மத்திமத்தை உரசிவிட்டு இறங்கினாள். மேற்கத்தியர் மைனர் பென்டடோனிக் என்பதும் அதில் புளூ நோட் என்பதும் அவள் காதுக்கு ஏற்கெனவே தெரிந்தவை, பெயர்தான் புதிது. கரகரப்பு அங்கே பொருந்திக்கூட வந்ததாம்.

இடம் கிடைத்தது, இரண்டு குறிப்புகளோடு. ஆங்கில உச்சரிப்புக்குத் தனிப் பயிற்சி வேண்டும். முதல் பருவத்தில் தாள அடிப்படை வகுப்பில் கட்டாயம் சேர வேண்டும்.

இரண்டாவதைப் படித்துவிட்டு அம்மா போன் செய்தார். "எட்டு வருடம் தாளம் போட்டவளுக்குத் தாள வகுப்பா சார்? எங்கள் பாட்டு வாத்தியாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

தட்டை ஊமையாக்கி வீச்சில் சொடுக்கும் கதையை அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. பின்னால் மாணவி சொடுக்கிக்கொண்டே சிரிப்பது மட்டும் போனில் கேட்டது.